எலும்புத் தராசு

மர்ரம்பூல் வட்டார நல வாரியம் இதுவரை ஒரு தவறான முடிவும் எடுத்ததில்லை. வாரியமே இதைத் தன் ஆண்டறிக்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. நானும் மறுக்க மாட்டேன். முடிவே எடுக்காத இடத்தில் தவறான முடிவு எங்கிருந்து வரும்?

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கோதுமைக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரியத்தின் தொண்டு வண்டியை ஓட்டுகிறேன். கார் ஓட்ட முடியாதவர்களை வீட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். காத்திருப்பதுதான் இதில் பெரிய வேலை. துணை ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வாரியம் யாரிடமும் எதையும் விவாதிக்காது. துணைக்கு ஆள் கிடைக்காதபோது டிரைவரையே உள்ளே உட்காரவைத்துவிடுவார்கள். அப்படித்தான் நொயலீன் டிரான்டரின் எலும்புகளைப் பற்றி ஊரில் வேறு எவருக்கும் தெரியாத அளவு எனக்குத் தெரியவந்தது.

நொயலீன் எங்கள் ஊரின் நெட்டைப் பெண். இளவயதில் நெட்பால் அணியில் வளையத்தடியில் நின்று கையைத் தூக்கினால் போதும், எதிரணிக்காரிகள் பந்தைப் போடவே யோசிப்பார்கள். அறுபத்தேழு வயதில் அவருடைய தோளும் இடுப்பும் காலையில் பூட்டுப் போட்டதுபோல் இறுகத் தொடங்கின. தலை சீவ முடியவில்லை, கழுத்தைத் திருப்பிக் கார் ஓட்ட முடியவில்லை. அப்போது ஊருக்கு வந்திருந்த டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் பூட்டு திறந்துகொண்டது. எங்கள் ஊருக்கு ஆறு வாரத்துக்கு ஒரு டாக்டர் வருவார், போவார். அந்த டாக்டர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "இந்த மாத்திரையை வருஷக்கணக்குல சாப்பிட வேண்டியிருக்கும். அது எலும்பை அரிக்கும். எலும்பைக் காப்பாத்த ஒரு மருந்து சீக்கிரமே ஆரம்பிச்சிடுங்க. வாரியத்துல அதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, எழுதி அனுப்புறேன்." பாவம், நல்ல மனிதர். வேறு மாநிலத்துக்காரர், எங்கள் வாரியத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஸ்டீராய்டு பூட்டைத் திறந்ததோடு நிற்கவில்லை. நொயலீனுக்குள் ஒரு இயந்திரத்தையும் முடுக்கிவிட்டது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. விடிவதற்குள் கூரைத் தகரத்தில் விழுந்த சருகுகளை அள்ளிவிடுவார். தன் புல்லை வெட்டிவிட்டு என் புல்லையும் வெட்டினார். அது முடிந்து சர்ச் புல். ஒருநாள் போலீஸ் நிலையத்துக்கு முன்னால் புல்வெட்டி ஓடும் சத்தம் கேட்டு சார்ஜென்ட் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தாராம்.

இத்தனை ஓட்டத்துக்கு நடுவிலும் அவர் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. கணவர் க்ளெம். காற்றாலைகளை ஏறிப் பழுது பார்த்த மனிதர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவதும் மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்குவதும் நொயலீன்தான். அந்த முதுகு போனால் க்ளெம் வீட்டிலிருக்க முடியாது. மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் பட்டணத்து முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். நொயலீனுக்குத் தன் எலும்பைப் பற்றி வேறு கவலை எதுவுமில்லை. இந்த ஒன்றுதான்.

வாரியத்தின் அந்தப் பிரிவுக்குப் பெயர் 'எலும்புப் பாதுகாப்பு வழித்தடம்'. வாசலில் ஆளுக்கொரு பேனா கொடுப்பார்கள். அதில் 'முடிவு உங்களுடையது, பயணம் நம்முடையது' என்று அச்சடித்திருக்கும். வழித்தடத்தின் ஒருங்கிணைப்பாளர் ப்ரூ காசல்டன். பொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாள் தேதியெல்லாம் ஞாபகம் வைத்து வாழ்த்துச் சொல்லும் பெண்.

"முதல்ல பாதுகாப்பு விவரங்கள்" என்று ஆரம்பித்தாள் ப்ரூ. அறையில் நாங்கள் மூன்று பேர்தான். "கழிப்பறை இடது பக்கம். தீ மணி அடிச்சா வலது பக்கக் கதவு வழியா வெளியே போய், யூகலிப்டஸ் மரத்தடியில கூடணும்."

"அந்த மரமா? போன கோடையில கிளை விழுந்து வாரியத்துக் கார் அப்பளமாச்சே" என்றேன்.

"காரை எடுத்துட்டோம்" என்றாள் ப்ரூ.

பிறகு நொயலீனைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தாள். அதன்பின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அதில் ஐந்து முகங்கள் வரிசையாக இருந்தன. பச்சையாகச் சிரிக்கும் முகத்தில் தொடங்கிச் சிவப்பாக அழும் முகம் வரை.

"எப்படி இருக்கீங்க, நொயலீன்?"

"பரவாயில்ல கண்ணு."

ப்ரூ பச்சை முகத்தை அழுத்தினாள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு இந்த ஒரு பதில்தான். ரஸ் கோலியரைப் பாம்பு கடித்தபோது நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்க, அவர் வழியெல்லாம் "பரவாயில்லப்பா, மெதுவாவே போ" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். வலி என்று வாய்விட்டுச் சொல்வது எங்களுக்குப் பொது இடத்தில் சட்டையைக் கழற்றுவதுபோல. இந்த ஊரில் வந்து, கேட்டுக் கேட்டு வலியை அளக்கலாம் என்று யாரோ ஒரு புத்திசாலி அந்த முகங்களைக் கண்டுபிடித்திருக்கிறான். எங்கள் வட்டாரம் நாட்டிலேயே வலி குறைந்த வட்டாரம் என்று வாரியத்துக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்திருக்கிறது.

அடுத்து எங்களைத் தராசு அறைக்கு அழைத்துப்போனாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அறை நடுவே மேசைமேல் பித்தளைத் தராசு ஒன்று பளபளவென்று நின்றது. பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் பச்சை மணிகள், ஒன்றில் சிவப்பு மணிகள்.

"மருந்தோட நன்மை ஒவ்வொண்ணுக்கும் ஒரு பச்சை. ஆபத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிவப்பு. நீங்களே உங்க கையால போட்டு எடைபோட்டுப் பார்க்கலாம். இது உங்க பயணம்."

நொயலீனின் கை சும்மா இருக்குமா? ப்ரூ சொல்லச் சொல்ல மளமளவென்று போட்டார். முதுகெலும்பு நொறுங்காது, ஒரு பச்சை. இடுப்பெலும்பு முறிவு குறையும், ஒரு பச்சை. அப்புறம் சிவப்பு. சிலருக்கு நெஞ்செரிச்சல் வரலாம். மாத்திரை போட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஊசியாகப் போட்டால் மறுநாள் காய்ச்சல்போல் உடம்பு வலிக்கலாம். அபூர்வமாகத் தாடை எலும்பில் புண் ஆறாமல் போகலாம். பல வருஷம் எடுத்தால் அபூர்வமாகத் தொடை எலும்பில் வெடிப்பு வரலாம்.

"அபூர்வம்னா எவ்ளோ?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம்."

"அப்ப அந்த மணி ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

"எல்லா மணியும் ஒரே அளவுதான் நொயலீன். பாகுபாடு காட்டக் கூடாதுங்கிறது வாரியத்தோட கொள்கை."

"முதுகெலும்பு நொறுங்கறதும் நெஞ்செரிச்சலும் ஒரே அளவா?"

"தராசுக்கு முன்னாடி எல்லாம் சமம்" என்றாள் ப்ரூ பெருமிதத்தோடு.

தராசு சிவப்புப் பக்கம் சாய்ந்தது. உடனே பச்சைப் பக்கம் ஏறி இறங்கியது. மறுபடி சிவப்பு. மேலே ஏ.சி. காற்று நேராகத் தட்டில் வீசிக்கொண்டிருந்தது. நின்று முடிவு சொல்லட்டும் என்று மூவரும் காத்திருந்தோம். அது நிற்கிற வழியாக இல்லை. 'நோயாளிக்குத் தயக்கம் உள்ளது' என்று ப்ரூ கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"எனக்கொண்ணும் தயக்கமில்ல. தராசுக்குத்தான் தயக்கம்" என்ற நொயலீன், எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "சரி, சுத்தி வளைக்க வேணாம். நீ என் எடத்துல இருந்தா என்ன செய்வே ப்ரூ?"

சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டதுபோல் ப்ரூவின் முகம் போயிற்று.

"நான் சொல்லக் கூடாது. நான் சொன்னா அது உங்க முடிவா இருக்காது. உங்க முடிவா இல்லேன்னா உங்க உரிமையை நாங்க பறிச்ச மாதிரி ஆயிடும். முன்னாடியெல்லாம் டாக்டருங்க, 'இதைச் சாப்பிடு'ன்னு சொல்லிடுவாங்க. ஜனங்களும் சாப்பிட்டுடுவாங்க. அந்த இருண்ட காலம் போயிடுச்சு."

"சரி, என் முடிவு இதுதான். எனக்கு மருந்து வேணும்."

"அருமை" என்றாள் ப்ரூ. "ஆனா அது நீங்க மட்டும் எடுத்த முடிவு. நம்ம வழித்தடத்துல முடிவு சேர்ந்து எடுக்கணும்."

"அப்ப சேர்ந்து எடு."

"நான் எடுக்கக் கூடாதே."

வண்டியில் திரும்பும்போது நொயலீன் என் வண்டியின் முன்பகுதி முழுவதையும் கைக்குட்டையால் துடைத்து முடித்திருந்தார்.

அடுத்த படி பல். மருந்து ஆரம்பிக்கும் முன் பல் டாக்டர் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட வேண்டும். இது நியாயமான விஷயம், குறை சொல்ல மாட்டேன். பல் மருத்துவ வண்டி ஊருக்கு வந்தபோது நொயலீன் முதல் ஆளாகப் போய் நின்றார். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்றார் பல் டாக்டர். "ஆனா நீங்க வழித்தடத்துல இருக்கறீங்க. மருந்து எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு அவங்க தேதி சொன்னா அதுக்கு முன்னாடி பிடுங்கறேன்." வழித்தடத்தில் கேட்டால், "பல்லைப் பிடுங்குற தேதி தெரிஞ்சா அதுக்கப்புறம் ஒரு தேதி யோசிக்கலாம்." இரண்டு தரப்பும் மிக மரியாதையாக ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டிருந்தன. பல் மருத்துவ வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அந்தப் பல் எங்கும் போகவில்லை.

நொயலீன் பொறுத்துப் பார்த்தார். அவர் பொறுத்துப் பார்ப்பதென்றால் என் வீட்டு வேலி முழுவதற்கும் வெள்ளையடிப்பது. அது முடிந்ததும், "வண்டியை எடு" என்றார். அந்த மருத்துவ வண்டியைத் துரத்திக்கொண்டு இரண்டு ஊர் தாண்டிப் போனோம். அங்கே தான் எந்த வழித்தடத்திலும் இல்லை என்று சொல்லி, வாயைத் திறந்து உட்கார்ந்தார். பல் வந்துவிட்டது. புண் ஆறியதும் ப்ரூவிடம் போய் ஓட்டையைக் காட்டினார்.

"ஐயோ, இது வழித்தடத்துக்கு வெளியே பிடுங்கின பல்லாச்சே" என்றாள் ப்ரூ உண்மையான வருத்தத்தோடு. "இதை எங்க சேர்க்கறதுன்னு தெரியலையே."

குளிர்காலம் வந்தது. புல்மேல் உறைபனி படிந்த ஒரு காலையில் க்ளெம்மைத் தூக்கியபோது நொயலீனின் முதுகுக்குள் சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. க்ளெம்முக்கும் கேட்டிருக்கிறது. என்னிடம் நொயலீன் சொன்னது இவ்வளவுதான்: "லேசா ஒரு பிடிப்பு." அன்று அவர் வண்டியில் ஏறிய விதத்தைப் பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, முட்டைக் கூடைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றால் வலித்தது. ஸ்டீராய்டு ஓடு என்கிறது, முதுகு அசையாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷி பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

வாரியத்தில் ப்ரூ மறுபடி கழிப்பறை, தீ மணி, மரத்தடி எல்லாம் சொல்லிவிட்டு உயரம் அளந்தாள். ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

"அளவுகோல் சரியில்ல" என்றாள் ப்ரூ. "எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல."

பச்சை முகம்.

அளவுகோலைப் பழுது பார்க்கப் பட்டணத்திலிருந்து ஆள் வந்தான். அளவுகோல் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். அடுத்த முறை இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. அப்படியென்றால் தரைதான் இறங்கியிருக்க வேண்டும் என்று ப்ரூ அபிப்பிராயப்பட்டாள். எங்கள் ஊர் மண் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும், எந்த வீட்டுக் கதவையும் எல்லா மாதமும் சாத்த முடியாது. ஆகவே அதை யாரும் மறுக்கவில்லை. பொறியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தரையைத் தட்டிப் பார்த்தார்கள். தரைக்குள் கதிர் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். அஸ்திவாரத்தில் நுண்ணிய விரிசல் இருக்கலாம், தாமதித்தால் ஆபத்து என்று சொன்னார்கள். அந்த வாரமே வேலை ஆரம்பமாகிவிட்டது. தரை விஷயத்தில் யாரும் மணி போட்டு எடை பார்க்கவில்லை.

நொயலீனின் வீட்டில் வேறு ஒன்று நடந்தது. க்ளெம்முக்கு மாலையில் பாலில் கலக்கும் மைலோ டப்பா மேல் அலமாரியில் இருக்கும். நான் போயிருந்த அன்று நொயலீன் எட்டி எட்டிப் பார்த்தார். விரல் நுனி படவில்லை.

"அலமாரி மேல ஏறிப்போச்சு" என்றார்.

"அலமாரி ஏறல" என்றார் க்ளெம் நாற்காலியிலிருந்து. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தைகள் மெதுவாக வரும், ஆனால் குறி தப்பாது. "நீதான் எனக்குக் கிட்ட வந்துட்டே இருக்கே."

நொயலீன் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஈரத் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

வசந்தத்தில் மஞ்சள் பூக்கள் பூத்துத் தும்மல் தொடங்கும் வேளையில் 'கூட்டு முடிவு நாள்' வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, வழித்தடத்தில் இருக்கும் எல்லாரும் ஊர் மண்டபத்தில் கூடி முடிவெடுக்கும் நாள். ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவர வேண்டும். தேங்காய்த் துருவல் புரட்டிய லாமிங்டன் கேக், குட்டி ரொட்டி மாதிரி ஸ்கோன், சாசேஜ் ரோல் என்று மேசை நிறைந்தது. வழித்தடத்தின் தலைவர் டாக்டர் லாக்லன் மெட்காஃப் பட்டணத்திலிருந்து திரையில் தோன்றினார். அவரை நேரில் பார்த்தவர் யாருமில்லை. அங்கே தன் அறையில் இருந்துகொண்டே எங்கள் மண்டபத்தின் அவசர வழி எங்கே இருக்கிறது என்று அவரும் ஒருமுறை சொன்னார்.

"நண்பர்களே" என்றார் டாக்டர் மெட்காஃப். "இந்த மருந்துகளைப் பத்தி மக்களுக்குப் பயம் இருக்கு. தாடை என்னாகும், தொடை என்னாகும்னு கேக்கறாங்க. பெருமையாச் சொல்றேன், வழித்தடம் தொடங்கி அஞ்சு வருஷத்துல, நம்மகிட்ட வந்த ஒருத்தருக்குக்கூட இந்த மருந்தால ஒரு பக்கவிளைவும் வரல."

கைதட்டினார்கள். நொயலீன் நின்றுகொண்டிருந்தார், உட்கார முடியவில்லை.

"எத்தனை பேர் மருந்து சாப்பிட்டாங்க டாக்டர்?"

"நல்ல கேள்வி. அது வேற விஷயம்."

"ஒருத்தராவது?"

"அவசரப்பட்டு முடிவெடுக்கற கலாசாரத்தை நாம விட்டுட்டு வந்துட்டோம். நோயாளியைப் பல வருஷம் யோசிக்கவிடுறோம். சில பேர் வாழ்க்கை முழுக்க யோசிச்சிருக்காங்க. அவங்க யாரும் வருத்தப்பட்டதா எங்களுக்குத் தகவல் இல்ல."

திரை அந்த இடத்தில் உறைந்தது. வாய் பாதி திறந்தபடி டாக்டர் நின்றுபோனார். எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தோம். ரஸ் கோலியர் இரண்டாவது லாமிங்டனை எடுத்துக்கொண்டார். திரை உயிர் பெற்றதும் டாக்டர், "ஆகவே எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றார்.

"பரவாயில்ல" என்றது கூட்டம்.

"வலிக்குது" என்றார் நொயலீன்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அறையில் ஒருவரும் அசையவில்லை. சிலர் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். சர்ச் பாதிரியார் இருமினார். அந்தச் சொல்லை நாற்பது வருஷத்தில் நான் அந்த மண்டபத்தில் கேட்டதில்லை.

"முதுகு வலிக்குது. குளிர்காலத்துலேருந்து வலிக்குது. இருமினா வலிக்குது, படுத்தா வலிக்குது. நான் குட்டையாயிட்டே வர்றேன். நீங்க தரையை ரிப்பேர் பண்றீங்க."

ப்ரூவின் விரல் முகங்கள்மேல் அலைந்தது. டாக்டர் மெட்காஃப் கனிவாக முன்னே சாய்ந்தார்.

"நொயலீன், நீங்க ஸ்டீராய்டு எடுக்கறீங்க இல்லையா? அது மனநிலையை மாத்தும். எரிச்சல், படபடப்பு, மிகைப்படுத்திப் பேசறது, எல்லாம் அதோட பக்கவிளைவு. இது நீங்க பேசல. மாத்திரை பேசுது. ப்ரூ, அதைப் பதிவு பண்ணிக்கங்க."

நொயலீன் தான் கொண்டுவந்த ஸ்கோன் தட்டை, மிச்சத்தோடு எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். எங்கள் ஊரில் கொண்டுவந்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது இரண்டு தலைமுறைக்குப் பேச்சாகும் காரியம். நானும் பின்னால் போனேன். வண்டியில் அவர் அழுதார். நான் ஸ்கோன் தின்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தது க்ளெம். அந்த வாரம் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்க இருவரையும் ஊர் டாக்டரிடம் கொண்டுபோயிருந்தேன். புதிதாக வந்திருந்த ஆறு வார டாக்டர், டோங்காக்காரி, பெயர் வைனிகோலோ. வாட்டசாட்டமான பெண், குரலும் அப்படியே.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நான் பரவாயில்ல" என்றார் க்ளெம். இடக்கையைத் தூக்கி மனைவியைக் காட்டினார். "அவளைப் பாருங்க. நான் கட்டினது நெட்டைப் பொண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நொயலீனின் முதுகில் விரலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நொயலீனின் உடம்பு துள்ளியது. அன்று மாலையே எக்ஸ்ரே. இரண்டு முள்ளெலும்புகள், டீயில் நனைத்த பிஸ்கட்போல், ஒருபக்கம் அமுங்கி உட்கார்ந்திருந்தன.

"நீங்க என் எடத்துல இருந்தா மருந்து எடுப்பீங்களா?" என்று கேட்டார் நொயலீன். பழக்கதோஷம்.

"உங்க எடத்துல எங்கம்மா இருந்திருந்தா ஸ்டீராய்டு ஆரம்பிச்ச மாசமே பேசி முடிச்சு மருந்தைப் போட்டிருப்பேன்" என்றார் டாக்டர். "தாடைப் பிரச்சினை உண்மைதான், ஆனா அபூர்வம். இது அபூர்வமில்ல, இதோ படத்துல இருக்கு. பல்லைப் பிடுங்கிட்டீங்க, நல்லது. ரத்தம் பார்த்துட்டு, வருஷத்துக்கு ஒருதடவை போடற மருந்தை ஏத்திடலாம். சம்மதமா?"

"சம்மதம்."

"ஆனா இனி இவரைத் தூக்கக் கூடாது. இப்போதைக்கு ஒரு தலையணையைக்கூட."

நொயலீன் தலையாட்டினார். மறு வாரம் பட்டணத்து இல்லத்திலிருந்து வண்டி வந்து க்ளெம்மைக் கூட்டிக்கொண்டு போனது.

அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரியின் பின்னறையில் நொயலீனுக்குக் கையில் ஊசி செருகி மருந்து ஏற்றினார்கள். கால் மணி நேரம். நான் மெஷினில் வாங்கிய காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இலையுதிர்காலத்திலிருந்து மஞ்சள் பூக்காலம் வரை, பித்தளைத் தராசு வைத்து, பச்சை மணி சிவப்பு மணி போட்டு எடைபோட்ட விஷயம் கால் மணி நேரம். மறுநாள் அவருக்குக் காய்ச்சல்போல் உடம்பு வலித்தது. அது ஒரு சிவப்பு மணி என்று நான் சொன்னேன். என்மேல் செருப்பு பறந்து வந்தது.

ப்ரூ போன் செய்தாள். "வாழ்த்துகள் நொயலீன். எலும்பு முறிஞ்சதால இப்ப தராசு தானாவே சாஞ்சிடுச்சு. உங்க பயணம் வெற்றிகரமா முடிஞ்சதா பதிவு பண்ணிட்டோம்."

புதுத் தரையின் திறப்பு விழாவுக்கும் நொயலீனைத்தான் அழைத்தார்கள், வழித்தடத்தை முடித்த முதல் ஆள் என்று. அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம். திரையில் டாக்டர் மெட்காஃப் பேசினார். தரை கண்ணாடிபோல் மட்டமாக இருந்தது. எல்லாருக்கும் முன்னால் ப்ரூ அவரை அளவுகோலின்கீழ் நிறுத்தினாள். மூன்று விரற்கடை குறைவு.

ப்ரூ கண் கலங்கிவிட்டாள். "பாத்தீங்களா? அளவுகோல் ஆரம்பத்திலேருந்தே சரியாத்தான் இருந்திருக்கு."

பலத்த கைதட்டல்.

நொயலீன் அமைதியாகக் கேட்டார்: "ஆளைக் கட்டில்லேருந்து தூக்குற கருவி ஒண்ணு வீட்டுக்குக் கேட்டிருந்தேனே ப்ரூ. க்ளெம்மைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்."

"அந்த விண்ணப்பம் தராசு அறையில இருக்கு" என்றாள் ப்ரூ. "தூக்குற கருவியிலயும் நன்மை தீமை ரெண்டும் இருக்கே."

நொயலீன் அங்கேயே திரும்பி என்னைப் பார்த்தார். "வண்டியோட பின்னால இழுவைப் பெட்டி மாட்ட முடியுமா?"

பக்கத்து ஊரில் ஒரு விதவை, கணவருக்கு வைத்திருந்த ஆள் தூக்கும் கருவியைக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். போய் எடுத்துக்கொண்டு வந்தோம். நானும் ரஸ்ஸும் சேர்ந்து எண்ணெய் போட்டு, கட்டிலருகே நிறுத்தி, ரஸ்ஸையே ஏற்றி இறக்கிச் சோதித்தோம். "எப்படி இருக்கு?" என்றால், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு "பரவாயில்ல" என்றார்.

மறுநாள் பட்டணத்துக்கு வண்டியை விட்டேன். மூன்று மணி நேரமும் நொயலீன் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். க்ளெம் ஜன்னலருகே, எங்கே வைத்தார்களோ அங்கே, உட்கார்ந்திருந்தார். நொயலீன் அவர் எதிரில் நின்றார். இருவர் கண்ணும் முன்னைவிடக் கிட்டே இருந்தன.

"எப்படி இருக்கே?" என்றார் க்ளெம்.

"பர..." என்று தொடங்கிய நொயலீன் நிறுத்திக்கொண்டார். "முதுகு வலிக்குது க்ளெம். நீ இல்லாம வீடு சகிக்கல."

க்ளெம் வார்த்தைகளைத் தேடினார். நேரமாயிற்று. "எனக்கு இங்க பிடிக்கல" என்றார். "மொத நாள்லேருந்தே பிடிக்கல."

நாற்பத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவர்கள். இந்த மாதிரி அவர்கள் பேசிக்கொண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன்.

வாசலில் இல்லத்துப் பணிப்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னத் திரை. அதில் அதே ஐந்து முகங்கள். பச்சை முகத்தின்மேல் விரலை ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"எப்படி இருக்கீங்க ரெண்டு பேரும்? இங்க எல்லாம் எப்படி இருக்கு?"

நொயலீன் க்ளெம்மைப் பார்த்தார். க்ளெம் தலையை ஆட்டினார். நொயலீன் பக்கத்தில் இருந்த நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"உட்காரு கண்ணு" என்றார். "நேரமாகும்."